வாசித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்

9 நவம்பர் 1981, திங்கள்

காலை முதல் தூறல். முக்கொம்பு நீர்மட்டம் கேட்க போன். லைன் கிடைக்க நாற்பது நிமிடம். ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். குடைக்கம்பி ஒன்று உடைந்தது.

போனஸ் வந்தது. புது வயலினோ பழசோ, எதற்கும் போதும்.

மதியம் பெரியகடை வீதி, வாத்தியக் கடை. இந்த வருடத்தில் நாலாவது தடவை. செய்தி எடுக்க வருகிறேன் என்றே கடைக்காரர் நினைத்திருந்தாராம். கல்கத்தாவில் செய்த வயலின் மூன்று வந்திருக்கிறது. தேன் நிறம், வார்னிஷ் வாசனை. ஒன்றைக் கையில் வாங்கி இடது தோளில் வைத்தேன். தாடை தானாகச் சாய்ந்தது. முப்பத்தொரு வருடம் கழித்து. உடம்பு அந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை.

வாசிக்கவில்லை. கடையில் ஆட்கள். கடைக்காரரே இழுத்துக் காட்டினார். பெரிய சத்தம்தான். ஆனால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு ஓரம்.

"புதுசு அப்படித்தான் சார் இருக்கும். பத்து வருஷம் விடாம வாசிங்க. மரம் தானா தொண்டையைத் திறக்கும்."

எனக்கு ஐம்பத்துமூன்று. கூட்டிப் பார்த்துவிட்டு வயலினைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பழசு ஏதாவது வந்தா சொல்லுங்க."

"பழசு கடைக்கு வராது சார். தெரிஞ்சவங்களுக்குள்ளயே கை மாறிடும்."

மேலப்புதூர் வீட்டுக்குத் திரும்ப ஆறு மணி. மனைவி பிலோமினாவிடம் சொன்னேன். "முழங்காலுக்குத் தைலம் வாங்கப் போகக் கால் வரல. அந்தக் கடைக்கு மட்டும் வருதா?" கொஞ்ச நேரம் கழித்து, ரசம் ஊற்றிக்கொண்டே: "நீங்க வாசிக்கும்போது உங்க முதுகைத்தான் நான் பாத்திருக்கேன்."

உண்மை. மாதா கோயில் பாடகர் குழுவில் அவள் பின்வரிசை, நான் முன்னால். வயலின் கோயிலுடையது. இந்தப் பத்திரிகை வேலையில் சேர்ந்து மாலை டூட்டி என்றானதும் திருப்பிக் கொடுத்தேன். துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு. எனக்கென்று ஒன்று இருந்ததே இல்லை.

தைலம் வாங்க வேண்டும்.

10 நவ., செவ்வாய்

மழை விட்டது. முனிசிபாலிட்டி கூட்டம், உப்புச் சப்பில்லை.

பி.ப. 3.30. ஆபீஸ் கீழ்த்தளத்தில் விளம்பரக் கவுன்டர். அங்கே இருபது வருடமாக உட்காருகிற காதர் பாய் டீக்குப் போயிருந்தார். குண்டூசி எடுக்கப் போனேன். நாளைய வரி விளம்பரச் சீட்டுகள் தட்டில் இருந்தன. மேலே இருந்தது பென்சிலில், பெண் கையெழுத்து:

'பழைய வயலின். நல்ல குரல். வாசித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். காலை 8 முதல் 11 வரை நேரில். கிழக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம்.' கீழே கதவு எண்.

'வாசித்துப் பார்த்து' தேவையில்லை. எடுத்தால் ஒரு வரி மிச்சம். பழக்க தோஷம், கை பேனாவைத் தேடியது.

பிறகுதான் உறைத்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கம் முழுக்க இதைப் பார்க்கும். எனக்கு நாளை தொட்டியம். காற்றில் வாழை சாய்ந்த செய்தி, தள்ளிப்போட முடியாது. வியாழனுக்கு முன் ஸ்ரீரங்கம் போக வழியில்லை.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த டைரியிலாவது சரியாக இருக்கட்டும்: மணி 3.40. யாரும் பார்க்கவில்லை.

11 நவ., புதன்

தொட்டியம். முசிறியில் பஸ் மாறி, போக மட்டும் இரண்டரை மணி நேரம். வாழை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடக்கிறது. ஒரு விவசாயி: "இன்னும் ஒரு மாசம் நின்னிருந்தா வெட்டியிருப்பேன் சார். குலையோட விழுந்துடுச்சு." எத்தனை ஏக்கர் என்று மூன்று பேரைக் கேட்டேன். மூன்று கணக்கு. மூன்றையும் குறித்துக்கொண்டு, தாசில்தாரைப் பார்த்த பிறகுதான் எழுதினேன்.

அந்த விஷயத்தில் மட்டும் நான் யோக்கியன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குடைக் காம்பில் தந்தி இருப்பதாக நினைத்து விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விரல் சோம்பேறி. பக்கத்து ஸீட்காரர், "கை மரத்துப்போச்சா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

இறங்கும்போது மழை, சட்டை நனைந்தது. சீட்டு நனைந்தது. பென்சில் எழுத்து அழியவில்லை.

12 நவ., வியாழன்

வெயில். ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ். பாலத்தில் வரும்போது காவிரி செம்மண் நிறம், இரு கரையும் தொட்டு.

விளம்பரம் கொடுத்தவர் வேதவல்லி அம்மாள். ஸ்கூலில் பாட்டு டீச்சராக இருந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். தனியாக இருக்கிறார். கூடத்தில் பெரிய ஜமுக்காளம். நடுவில் வயலின் பெட்டி, திறந்து. பக்கத்தில் செம்பில் தண்ணீர், ஆறு டம்ளர்.

ஆறு.

"பேப்பர்ல பாத்துட்டுத்தானே வரேள்?"

"ஆமாங்கம்மா."

"நேத்திக்கு ஒருத்தரும் வரலை. மொத நாள் யோசிப்பா இல்லையோ. நான் பேப்பர் வாங்கறதில்லை. கவுன்டர்ல இருக்கற பாய்தான் புதன்கிழமை வந்துடும்னார். ரொம்ப மரியாதையான மனுஷர்."

நான் தண்ணீர் குடித்தேன்.

வயலின். கழுத்தில் கட்டைவிரல் உட்கார்ந்த இடத்தில் பாலிஷ் போய் மரம் வெளுத்திருக்கிறது. தந்திகளுக்குக் கீழே கறுப்புப் பலகையில் மெல்லிய பள்ளங்கள். வயிற்றில் ஒரு விரிசல், நன்றாக ஒட்டியது. எடை புதுசைவிடக் குறைவு, அல்லது அப்படித் தோன்றியது.

எழுந்து நின்றேன்.

"நின்னுண்டா வாசிப்பேள்?"

"சர்ச்சுல நின்னுதாங்க பழக்கம்."

"கழுத்து வலிக்காதோ? சரி, வாசியுங்கோ. எனக்கும் இது புதுசு."

ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. முதல் வரி சரி. இரண்டாம் வரியில் அடுத்த தந்திக்குப் போனதும் சுரம் எங்கோ விழுந்தது. மறுபடி. மறுபடி அதே இடம். விரல்தான் மறந்துவிட்டது என்று காது சூடேறியது. அம்மாள் சிரித்துவிட்டார்.

"உங்க மேல தப்பில்லை. நாங்க தந்தி சேக்கறது வேற. ஸா பா, ஸா பா. உங்களுக்கு எப்படி வேணும், பாடிக் காட்டுங்கோ."

பாடிக் காட்டினேன். வயலினை மடியில் வைத்து முறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன். இடது கையில் கடைசி இரண்டு விரல் மடங்கவில்லை.

"அஞ்சு வருஷமாச்சு. வில்லை இழுக்க இந்தக் கை தயார். தந்தியில வைக்க அந்தக் கை வர மாட்டேங்கறது. தினம் தொறந்து துடைச்சு மூடறேன்."

இந்தத் தடவை பாட்டு முழுசாக வந்தது. மோசமாக, ஆனால் முழுசாக. வயலின் என்னை மன்னித்துக்கொண்டே வந்தது. நான் தவறுகிற இடத்திலும் அதன் குரல் தவறவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மாள் கண்ணை மூடியிருந்தார்.

விலை கேட்டேன்.

"இப்போ சொல்ல மாட்டேன். இன்னும் நாலு பேர் வரட்டும். வரவா ஆளுக்கு ஒண்ணு வாசிச்சுப் பாப்பா இல்லையோ? அதுக்குத்தானே போட்டதே. அப்புறம் யார்ட்டயாவது குடுக்கறேன்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சீட்டை எடுத்துப் படித்தேன். நான் வெட்ட நினைத்த இரண்டு வார்த்தைதான் விளம்பரமே.

சாயங்காலம் காதர் பாயிடம் கொடுத்துவிட வேண்டும் என்று படியேறினேன். கவுன்டரில் கூட்டம். கூட்டம் இல்லாவிட்டாலும் கொடுத்திருப்பேனா, தெரியாது.

13 நவ., வெள்ளி

கொடுக்கவில்லை.

தைலம் வாங்கினேன்.

14 நவ., சனி

நேரு பிறந்த நாள். பள்ளி விழாக்கள், மூன்று படம். அதற்கு முன்பே, எட்டரைக்கு, ஸ்ரீரங்கம். இன்னும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது, முடிந்தால் இன்றே எடுத்துக்கொண்டு வந்துவிடுவது. அந்த எண்ணத்தில்தான் போனேன்.

ஜமுக்காளம் அப்படியே. டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வெளியே போகிற புடவை கட்டிக்கொண்டு அம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ. நாலு நாள்ல நீங்க ஒருத்தர்தான். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எழுந்து எழுந்து பாக்கறேன். எல்லாம் எதிராத்துக்கு." சிரிக்கப் பார்த்தார். "இவ்வளவு பெரிய ஊர்ல வயலின் வேணும்னு ஒருத்தர் கூடவா இல்லாம போயிட்டா? நான்தான் அஞ்சு வருஷமா கதவைச் சாத்திண்டு, வெளியில என்ன நடக்கறதுன்னே தெரியாம இருந்துட்டேன் போல."

நான் கவிழ்த்த டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நீங்களே எடுத்துண்டு போங்கோ. குடுக்கறதைக் குடுங்கோ. உங்களுக்காவது ஆசை இருக்கு."

பெட்டியை மூடி என் பக்கம் நகர்த்தினார். கைப்பிடியில் நூல் சுற்றியிருந்தது, பச்சை. கை நீட்டினால் எட்டும். இதை எழுதும்போதும் அந்த நூலின் சொரசொரப்பு தெரிகிறது. தொடவே இல்லை என்றாலும்.

"திங்கள் வரைக்கும் பொறுங்கம்மா. இன்னும் யாராவது வருவாங்க."

"எங்கேருந்து வருவா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆபீஸ். நேராகக் கவுன்டர். சீட்டைப் பிரித்து வைத்தேன். காதர் பாய் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"யா அல்லா. எங்க சார் கிடந்துச்சு இது? ரசீது புக்குல ஒரு நம்பர் இடிக்குதுன்னு மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு மேசையைக் கூட நகத்திட்டேன்."

"என் சட்டைப் பையில."

சீட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"பிரஸ் மீட்டுல குடுக்கற பேனாவைக் கூடத் திருப்பிக் குடுத்துட்டு வர ஆளு நீங்க."

"ஆமா பாய்."

"மேனேஜருக்கு நான் என்னத்தைச் சொல்றது? எழுதுற ஆளு நீங்க. நீங்களே எழுதிக் குடுங்க." காகிதத்தை என் பக்கம் தள்ளிக்கொண்டே: "அந்தம்மா என்னை நம்பித்தானே குடுத்துட்டுப் போச்சு."

நாலு வரி எழுதிக் கொடுத்தேன். யார், என்ன, எப்போது, ஏன். திருத்தம் இல்லாமல் வந்தது.

15 நவ., ஞாயிறு

விளம்பரம் வந்துவிட்டது: ஐந்தாம் பக்கம், இரண்டாவது பத்தி, நடுவில். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வாசலில் நின்று கேட்டாள். "நாலு நாளா சோத்துல உப்பு கூடக் குறையன்னு நீங்க ஒண்ணும் சொல்லல. என்னமோ இருக்குன்னு தெரியும்." அவள் குடைக்குள் என்னை விட்டுக்கொண்டாள்.

16 நவ., திங்கள்

மேனேஜர் காகிதத்தைப் படித்து டிராயரில் போட்டார். "ஏன் சார் இதெல்லாம்," என்றார். அவ்வளவுதான்.

ஒன்பதரை, ஸ்ரீரங்கம். வாசலில் செருப்பு. எண்ணினேன்: ஒன்பது ஜோடி, அதில் ஒன்று குழந்தையுடையது. உள்ளே வயலின் சத்தம். நின்று, உட்கார்ந்து, அதட்டி, கெஞ்சி, ஆளாளுக்கு ஒரு மாதிரி வாசித்தார்கள். ஆறு டம்ளர் போதாமல் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார் அம்மாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடிக்காத குறை.

"நேத்திலேருந்து பாருங்கோ! நீங்க சொன்ன மாதிரியே! எங்கேருந்து வந்தா எல்லாரும்?"

இடைகழிக்கு அழைத்துச் சொன்னேன். சீட்டு, சட்டைப் பை, நாலு நாள். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

முகத்திலிருந்த சிரிப்பு போக நேரம் ஆயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"தினம் காலம்பர தலை வாரிண்டு உக்காந்திருந்தேன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா ரெண்டாம் தடவை வந்தேள்?"



உள்ளே ஒருவர் ஆரம்பித்தார். முசிறி தபால் ஆபீஸில் வேலை, முதல் பஸ்ஸில் வந்தவர், காக்கிச் சட்டை. டூட்டிக்குத் திரும்ப வேண்டும். கைக்கடிகாரத்தை அவிழ்த்து எதிரில் வைத்துக்கொண்டு வாசித்தார். ஆறு நிமிடம். இரண்டு பேரும் இடைகழியிலேயே நின்று கேட்டோம். என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஒரு வீட்டு வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்து, ஒருநாள் உள்ளேயிருந்து விளக்கு போட்ட மாதிரி. நான் வேண்டும் வேண்டும் என்றது எதை என்று அப்போதுதான் தெரிந்தது. அது என் கையில் வந்திருக்காது என்பதும்.

அம்மாளின் இடது கை புடவைத் தலைப்பின் மேல். மடங்குகிற விரல்கள் மட்டும் அசைந்தன.

பச்சை நூல் சுற்றிய பெட்டி முசிறிக்குப் போனது. அவர் விலை கேட்டபோது அம்மாள் சொன்னது: "மாசம் ஒரு தடவை வந்து வாசிச்சுட்டுப் போங்கோ. மீதியைப் பேசிக்கலாம்."

நான் கடைசியாகச் செருப்பு மாட்டினேன்.

"நீங்க என்ன பண்ணப் போறேள்?"

"தெரியலம்மா. புதுசுன்னா கீச்சுங்குது."

"இது மட்டும் பொறக்கறச்சேயே இப்படிப் பாடித்தா? ஆறு வருஷம் எங்காத்துல எல்லாரும் காதைப் பொத்திண்டா." கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தினார். "கோபம் இருக்கு எனக்கு. போகட்டும். அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டுல ரெண்டாம் வரி நன்னா இருந்தது."

18 நவ., புதன்

மறுபடி தூறல். குடை தைத்து வந்துவிட்டது. முக்கொம்பு, ஒரு பத்தி.

பெரியகடை வீதி. மூன்றில் நடுவில் இருந்ததை எடுத்தேன். "அதைத்தான் எடுப்பீங்கன்னு தெரியும் சார்," என்றார் கடைக்காரர். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு வீடு. சன்னலைச் சாத்திவிட்டு தோளில் வைத்து வில்லை இழுத்தேன். சத்தம் இல்லை. அழுத்தி இழுத்தேன். துணி உரசுகிற மாதிரி ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். உடைந்த வயலினைக் கொடுத்துவிட்டாரா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்தது. புது வில். ரோசின் பிசின் தடவாத வில் பேசாது. முப்பத்தொரு வருடத்தில் அதுவும் மறந்திருக்கிறது. பெட்டி மூலையில் ஒரு கட்டி இருந்தது, கண்ணாடி மாதிரி வழவழவென்று. அதையும் பிளேடால் கீறினால்தான் ஒட்டும்; பொடி ஏறி வில் வெளுத்தால்தான் சத்தம்.

சமையலறையிலிருந்து பிலோமினா: "என்னங்க, வாங்கியாச்சுன்னீங்க. சத்தத்தையே காணோம்?"

"இரு. தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"புதுசு. ஆகும்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே, முகம் பார்க்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது. அணைத்தாளா என்று கேட்டேன். அணைத்துவிட்டாளாம்.

வில் இன்னும் வெளுக்கவில்லை. தேய்க்கிறேன்.