முதலில் வெட்டும் வீடு

திருகோணமலை,
மே 1959

மகளின் வாப்பாவுக்கு ஸலாம்.

நீங்கள் பழைய எஞ்சின் ஒன்றை விலைபேசப் புல்மோட்டைக்குப் போனதிலிருந்து நம் கரண்ட் கம்பனியை நான்தான் பார்க்கிறேன். எஞ்சினுக்கு லோட் கூடினால் முதலில் நம் வீட்டு லைனை வெட்டுவதுதானே உங்கள் ஒழுங்கு. காசு கட்டுகிற சனம் இருட்டில் இருக்கக்கூடாது என்பீர்கள். அதை அயலெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

நேற்று மாலை நம் வீட்டை வெட்டியும் எஞ்சின் திணறியது. இன்னொரு வீட்டையும் வெட்டலாமென்று கடைசிச் சுவிச்சில் கை வைத்தேன். எஞ்சின்காரர் வீரசிங்கம் பதறிவிட்டார்.

"அதை வெட்ட ஏலாது. லிங்கநகர் வீடு. எந்த நாளும் வெட்டக்கூடாதெண்டு முதலாளி சொன்னவர்."

"அங்க ஆர் இருக்கிறது?"

அவர் தலை நிமிரவில்லை. "சின்னப் பிள்ளை ஒண்டு. ஃபேன் இல்லாட்டி நித்திரை கொள்ளாது. உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

அந்தப் பிள்ளையும் உங்களை வாப்பா என்றுதான் கூப்பிடுமாம்.

அந்த லைனை நான் வெட்டவில்லை. இந்த வெக்கையில் பிள்ளை என்ன செய்யும்? நம் வீட்டுக் கம்பியைத்தான் கம்பத்திலிருந்தே கழற்றச் சொல்லிவிட்டேன். இனி லோட் கூடினால், முதலில் வெட்டுவதற்கு வேறு வீடு பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா