விதை நசுங்காத எலுமிச்சம்பழம்

யுவராணி அப்பா,

தோசை மாவு ஃபிரிட்ஜில இருக்கு. சட்னி அரைச்சு மூடி வெச்சிருக்கேன்.

காலையில வாசல் பெருக்கும்போது, நேத்து நம்ம கான்டெஸா கார் பூஜையில சக்கரத்துக்கு அடியில வெச்ச எலுமிச்சம்பழங்களைப் பார்த்தேன். மூணு பழம் தரையோட தரையா ஒட்டிக் கெடக்கு. இடது பின்சக்கரத்துப் பழம் மட்டும் தோல் கிழிஞ்சதோட சரி, விதைகூட நசுங்கல. சகுனம் பார்க்கிறேன்னு நினைக்காதீங்க. அகல டயருக்காகப் பின் ஆக்ஸிலை வெட்டி, வெல்டு வெச்சு நீட்டினாங்களே, அது அந்தப் பக்கம் கோணலா நிக்குது. பழம் வெச்ச இடத்துல, டயரோட வெளிப்பாதி தரையில படவே இல்ல. இன்னைக்கு ஓடும், நாளைக்கும் ஓடும். ஹைவேல வேகம் எடுக்கிற அன்னைக்கு வெல்டு விட்டுடும்.

"கான்டெஸா சும்மா கல்லு மாதிரி கீது அண்ணாத்தே"ன்னு மெக்கானிக் துலுக்கானம் சொன்னதும், "உனக்கு இன்னா தெரியும்?"னு அவர் எதிர்லயே என்னைக் கேட்டீங்க. பன்னெண்டு வருஷமா ஃபேக்டரியில நான் வெல்டிங்தான் செக் பண்றேன்.

சாவியை ஒளிச்சு வைக்கல. கொக்கியிலதான் தொங்குது.

மைதிலி

கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வெச்சிடுங்க.

இன்னொண்ணு. மாங்காட்டுக் கோயிலுக்கு இன்னைக்கு அந்த வண்டியில போகலாம்னு யுவராணிகிட்ட சொன்னீங்களாம். அவளை எங்க அம்மா வீட்டுல விட்டுட்டுத்தான் டியூட்டிக்குப் போறேன். பின்சீட்டுல அவ எப்பவும் உட்கார்ற இடம் அந்தச் சக்கரத்துக்கு நேர் மேல.