கரும்பலகையில் சுந்தரியின் பெயர்

உ
குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
10-3-1968

என் செல்ல மகள் சுந்தரிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே மாப்பிள்ளை தங்கராஜு, சம்பந்தியம்மா, உன் வயிற்றில் இருக்கும் என் பேரனோ பேத்தியோ, எல்லார் சுகத்துக்கும் எழுது.

உன் கடிதம் கிடைத்தது. உன் கடிதம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். விலாசத்திலிருந்து கையொப்பம் வரை சம்பந்தியம்மா கையெழுத்து. பிள்ளையார் சுழிகூட அவர்கள் போட்டது. மூன்று மாதமாக இப்படித்தான். எழுத்து முத்து மாதிரி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆறாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். என் எழுத்தைப் பக்கத்தில் வைத்தால் கோழி நடந்துபோன மாதிரி இருக்கிறது. "யார் எழுதினா என்ன, சேதியைப் படிங்க" என்கிறாள் உன் அம்மா. அவளுக்குப் பொறாமையே கிடையாது. வீட்டில் அந்த இலாகா முழுவதும் என் பொறுப்பு.

ரேடியோ தொழிற்சாலையில் நான் மண்டோராக மேற்பார்க்கும் வரிசையின் கரும்பலகையில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. "சிவகாமசுந்தரி, ஒரே நாளில் 240 ரேடியோ." ரேடியோவுக்கு ஆறு ஸ்குரு. நீ கல்யாணமாகிப் போய் எட்டு மாதமாகியும் யாரும் அதை எட்டவில்லை. எவளாவது கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பலகையைக் காட்டுவேன். "என் மக கை மட்டும் இரும்பா, உங்க கை வாழைத்தண்டா?" என்பேன்.

பக்கத்து வரிசை மண்டோர் ஜெயரத்தினத்தை உனக்குத் தெரியுமே, யாழ்ப்பாணத்துக்காரர், சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவர். அவர் மணிக்கு ஒருதரம் பெண்களை இடம் மாற்றி உட்கார வைக்கிறார். ஸ்குரு முடுக்கியவள் அடுத்த மணி பெட்டி துடைக்கிறாள். ஸ்குரு டிரைவர் பிடிகளுக்கெல்லாம் பழைய சைக்கிள் டியூப் சுற்றித் தடிமனாக்கியிருக்கிறார். மணி அடித்தால் ஐந்து நிமிடம் எல்லாரும் நின்று கையை உதறுகிறார்கள். "இது பேக்டரியா, டான்ஸ் கிளாஸா லா?" என்று கேட்டேன். ஆனால் போன மாதம் அவர் வரிசைதான் அதிகம் முடித்தது. மேனேஜர் அவர் தோளில் தட்டினார். பக்கத்திலேயே என் தோள் சும்மாதான் இருந்தது.

அடுத்த கடிதம் உன் கையால் வரட்டும்.

உன் அப்பா
சேதுபதி


உ
ஈப்போ, மலேசியா
24-3-1968

அன்புள்ள அப்பாவுக்கு, சுந்தரி வணக்கத்துடன் எழுதுவது. எல்லாரும் நலம். ஆவணியில் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அத்தை எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறார்கள். என் கைக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

அப்பா, ஜெயரத்தினம் அங்கிள் செய்வதைக் கேலி செய்யாமல் நீங்களும் செய்து பாருங்களேன். என் இடத்தில் இப்போது சரஸ்வதிதானே உட்காருகிறாள்? காலையில் எழுந்ததும் அவளுக்கு விரல் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். மறக்காமல் கேளுங்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்பு மகள்
சுந்தரி


உ
குவீன்ஸ்டவுன்
7-4-1968

சுந்தரிக்கு,

முத்து மாதிரி எழுத்தில் இன்னொரு கடிதம் வந்து சேர்ந்தது. சந்தோஷம்.

மேனேஜர்தான் ஜெயரத்தினம் பக்கம் போனார் என்றால், நான் பெற்ற பெண்ணும் "அங்கிள், அங்கிள்" என்று அந்தப் பக்கம் போய்விட்டாள். உங்கள் சுகம் பற்றி எனக்கு இரண்டு வரி, சரஸ்வதி விரலுக்கு மூன்று வரி. அவள் விரலை நான் ஏன் கேட்க வேண்டும்? கேட்டால் மற்றவர்களெல்லாம் விரலை நீட்டுவார்கள்.

கைக்கு வேலை என்கிறாய். மாமியாரை உட்கார வைத்து எழுதச் சொல்லும் மருமகளுக்கு அப்படி என்ன வேலை? அத்தை எழுதுகிறார்கள், அத்தை சமைக்கிறார்கள், போன கடிதத்துக்கு முந்தினதில் அத்தை தலை பின்னி விட்டார்கள். உனக்கு ஐந்து வயதிலிருந்து கோணல் வகிடு எடுத்துப் பின்னிவிட்டவன் நான். அப்போதெல்லாம் அழகாயிருக்கு என்றாய்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு பேனா வாங்கினேன். கடைக்கார ஒலி முகம்மது எழுதிப் பார்க்கக் காகிதம் நீட்டினார். உன் பெயரைத்தான் எழுதிப் பார்த்தேன். இத்துடன் அனுப்புகிறேன். அந்தப் பேனாவால் உன் கையால் நாலு வரி எழுது. இல்லையென்றால் எனக்குக் கடிதமே வேண்டாம்.

சேதுபதி


ஈப்போ
20-4-1968

அப்பா
பேனா நன்றாக இருக்கிறது.
இந்த நாலு வரி எழுத முக்கால் மணி ஆனது.
கட்டைவிரல் பிடிக்க மாட்டேன் என்கிறது.
இனி அத்தை எழுதுவார்கள்.

அப்பா, அங்கே தொழிற்சாலையில் கடைசி வருடத்திலேயே வலி வந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இழுக்கும். இங்கே டாக்டர் மரச்சிம்பு வைத்துக் கட்டியிருக்கிறார். ஒரே வேலையை ஒரே மாதிரி ஆயிரம் தடவை செய்த கை, நடுவில் ஓய்வு கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார். முழுக்கக் குணமாகுமா என்று சொல்ல மாட்டேன் என்கிறார். பிள்ளை பிறந்தால் தூக்க வேண்டுமே என்பதுதான் என் பயம்.

உங்களிடம் சொல்லவில்லை. பலகையைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்துக்காகத்தான் முடுக்கினேன்.

கோணல் வகிடுதான் எனக்குப் பிடிக்கும். அத்தைக்கு அது வரவில்லை. (இதையும் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். - மங்களம்)

சுந்தரி


உ
குவீன்ஸ்டவுன்
5-5-1968

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா மங்களம் அவர்களுக்கு, சேதுபதி வணக்கம் சொல்லி எழுதுவது. இதைச் சுந்தரிக்குப் படித்துக் காட்டவும்.

பதினைந்து நாள் எழுதவில்லை. அந்த நாலு வரியை எடுப்பேன், வைப்பேன்.

போன திங்கட்கிழமை என் வரிசையை நிறுத்தி, "யாருக்கெல்லாம் கை வலிக்குது?" என்று கேட்டேன். பதினாலு பேரும் பலகையைப் பார்த்தார்கள். ஒரு கையும் எழும்பவில்லை. வாழைத்தண்டு என்று கேலி பேசிய ஆளிடம் எவள் சொல்வாள்? ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, "பேரை எழுதுங்கம்மா, போதும்" என்றேன். ஒன்பது பேருடைய எழுத்து நடுங்கியது. சரஸ்வதி தன் காகிதத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் நகர்த்தி, "என் பேரையும் நீயே எழுதிடுடி" என்றாள்.

அவளுக்காக நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

என் மகள் பெயரை என் கையாலேயே துடைத்தேன். பிறகு ஜெயரத்தினத்திடம் போய், "தம்பி, அந்தச் சைக்கிள் டியூப் எங்கே கிடைக்கும்?" என்றேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு சுருள் எடுத்தார். "அண்ணை, உங்களுக்கெண்டே வச்சிருக்கிறன். வர இவ்வளவு நாளோ?" என்றார். அந்த மனுஷன் நல்லவராகவும் இருப்பது எனக்குக் கூடுதல் எரிச்சல்.

இப்போது மணிக்கு ஒருதரம் இடம் மாறுகிறோம். மணி அடித்தால் முதலில் கை உதறுபவன் நான்தான். பார்க்கக் கொக்கு பறக்கப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். சரஸ்வதி ஒரு வாரமாக ஸ்குரு தொடவில்லை. எண்ணிக்கை குறைந்துவிட்டது. மேனேஜர் கேட்டார். கை போனால் எண்ணிக்கையே இருக்காது என்றேன். அவர் என் தோளில் தட்டவில்லை.

அம்மா, நீங்கள் அவள் தலையைப் பின்னுகிறீர்கள், சோறு பிசைந்து கொடுக்கிறீர்கள். கெடுத்த கை என்னுடையது, பார்த்துக்கொள்கிற கை உங்களுடையது. உங்கள்மேல் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். இருந்துவிட்டுப் போகட்டும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். வந்ததும் நானும் சுந்தரியின் அம்மாவும் புறப்படுவோம். வகிடு எடுக்கும் வேலையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.

இனிக் கடிதம் எல்லாம் உங்கள் கையாலேயே வரட்டும். மேலே பிள்ளையார் சுழி மட்டும் அவள் போடட்டும். கோணலாக இருக்கலாம், இடது கையாலும் இருக்கலாம்.

வலித்தால் அதுவும் வேண்டாம். சுழி இல்லாமலே அனுப்புங்கள். பிரித்ததும் நான் இங்கே போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
சேதுபதி