அயர்ன் போட்ட குளிர்ச்சட்டைகள்

அடியே,

இன்று சுங்கைப் பட்டாணி டவுனில் மகளுக்குக் குளிர்ச்சட்டை ஒன்று வாங்கினேன். பனி கொட்டுகிற ஊருக்கு வேலைக்குப் போகிறாள். கைப்பகுதியை அழுத்திவிட்டு விரலை எடுத்தேன். உள்ளிருந்த பாலியெஸ்டர் பஞ்சு மெல்ல எழும்பி வந்தது. கடையென்றும் பாராமல் அழுதுவிட்டேன். உன்னால்தான்.

எழுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் ரப்பர் தோட்டத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி, வெளிநாட்டுக்குக் குளிர்ச்சட்டை தைக்கும் அந்தத் தையல் ஆலைக்குப் போய்வந்தோம். நமக்குத் தெரிந்த குளிரெல்லாம் விடியலில் பால்மரக் காட்டில் அடிக்கிற காற்றுதான். நீ தைத்த சட்டையை நீயே மாட்டிக்கொண்டு, "இதப் போட்டுக்கிட்டு நம்ம ஊர்ல நின்னா வெந்துருவோம்லா!" என்று ஆடிக் காட்டுவாய். தலையணை உறையைவிடச் சற்றே கனம். அது எப்படிக் குளிரைத் தாங்கும் என்று எனக்குப் புரியவே இல்லை.

உன்னை லைன் லீடராக்கப் போகிறார்கள் என்று பேச்சு. நானோ சேர்ந்து இரண்டே மாதம். மூன்றாவது மாதமும் தப்பில்லாமல் கழிந்தால்தான் வேலை நிலைக்கும். அப்பா படுக்கையில் கிடந்தார். என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

என்னைப் பேக்கிங் மேசையில் போட்டிருந்தார்கள். சட்டையின் உள்பக்கத் துணிச் சுருக்கத்தை எடுக்க அங்கே ஓர் அயர்ன் இருக்கும். சட்டைகள் உப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்து, யாரோ ஒழுங்காகத் தைக்கவில்லை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட வீட்டில் அத்தனை பேர் துணியையும் மடிப்புக் கலையாமல் தேய்த்து வளர்ந்தவள் அல்லவா! சூட்டை ஏற்றி, ஒரு குவியலையே அப்பளமாகத் தேய்த்து அடுக்கிவிட்டேன். அதில் பெருமை வேறு.

சூப்பர்வைசரம்மா ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். "சியாப்பா புவாட்?" யார் செய்தது என்று மலாயில் கத்தினாள். பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்குமாம். உருகி ஒட்டிப்போனால் வெறும் துணிதானாம். நான் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ மிஷினை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாய். நீதான் தேய்க்கச் சொன்னதாகச் சொன்னாய்.

லீடர் வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

பஸ்ஸில் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. "மூஞ்சிய ஏன்டி இப்படி வச்சிருக்க? எனக்கு இருக்குற வாய்க்கு லீடர் வேலையெல்லாம் சரிப்படாதுலா" என்றாய். நானும் சிரித்துவிட்டேன், வெட்கங்கெட்டவள். சில வருடங்களில் என்னையே லீடராக்கினார்கள். நீ என் லைனிலேயே தைத்தாய். எத்தனையோ முறை சண்டை போட்டோம். ஒருமுறைகூட நீ அதைச் சொல்லிக்காட்டவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன மாதம் உன் சாவு வீட்டுக்கு, உன் மகளிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். நான் ஆரம்பிக்கும் முன்பே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் ஆன்ட்டி. நீங்க உண்மையச் சொல்ல வாயத் தொறந்தீங்களாம், அம்மாதான் உங்க கால மிதிச்சு நிறுத்திட்டாங்களாம். 'வேல போனாலும் பரவால்லன்னு பேச வந்தவடி அவ'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

நீ என் காலை மிதிக்கவில்லை. நான் வாயைத் திறந்தால்தானே மிதிப்பதற்கு!

அவளிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். நீ சொல்லிவைத்த பொய்யைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். பெற்ற மகளிடம் பொய் சொல்லியாவது என்னை நல்லவளாக வைத்திருக்க, உனக்கு என்மேல் ஏனடி அவ்வளவு பிரியம்?