பூட்டி வைத்த கைப்பை

நான் ஒருமுறைகூடப் பார்த்திராத என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

உங்கள் மகள் ஜெனி நன்றாக இருக்கிறாள். ஏழாம் வகுப்பு. உங்கள் படத்தை நான் சுவரிலிருந்து கழற்றவில்லை. கழற்றிவிட்டேனா என்று பார்க்கத்தான் உங்கள் தங்கை மாதாமாதம் வந்துபோகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்த நாளிலிருந்து சந்தேகப்படுவதே என் பிழைப்பாகிவிட்டது. ‘அம்மான்னு கூப்பிடு’ என்று அவள் அப்பா சொன்னால், ஜெனி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். சாயங்கால ஜெபமாலையில் எல்லோரும் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல, இவள் மட்டும் முணுமுணுப்பாள். என்னை விரட்டச் சொல்லித்தான் மாதாவிடம் மனுப் போடுகிறாளோ?

அப்புறம் என் கைப்பை. ஹெப்பாளில் நான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து வந்து முகம் கழுவப் போனால் போதும், ஜெனி அதன் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்கும். எதுவும் காணாமல் போகவில்லை. பின்னே எதைத் தேடுகிறாள்? யார் ஏவிவிட்டது? பையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வாரம் பூட்ட மறந்தேன். கையும் களவுமாகப் பிடித்தேன்.

“என்னடி தேடுற?”

“சும்னே, சித்தி.” சும்மாவாம், பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட கன்னடம்.

“உண்மையச் சொல்லு. யாரு பாக்கச் சொன்னா?”

அவள் கையில் என் பிரஷர் மாத்திரை அட்டை. உங்களுக்கு இருந்த அதே பிரஷர்தான் எனக்கும்.

“சாப்பிட்டேன்னு அப்பாகிட்ட சொன்னீங்க. மாத்திரை அப்படியே இருக்கு,” என்றாள். “அம்மாவும் இப்படித்தான் சொன்னாங்க.”

கேட்டீர்களா அக்கா? இத்தனை நாளாக அவளும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நேற்று எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், குழந்தையைத் தத்தெடுத்த ஒருத்தி அழுதாள். “என்கிட்ட ஒட்டவே மாட்டேங்குதுக்கா.”

“ஒட்டச் சொல்லி இழுக்காத. உன்னய வேவு பாத்தா பாத்துட்டுப் போகட்டும், எதையும் பூட்டி வைக்காத. சூசையப்பர் என்ன, ஆண்டவரப் பெத்தா வளத்தாரு?” என்றேன். பாதி எனக்கே சொல்லிக்கொண்டது.

உங்கள் தங்கை மேல் இருக்கும் சந்தேகம் இன்னும் போகவில்லை. அதை நேரில் பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஜெனியோடு வருவேன். அம்மா என்ற சொல் உங்களுக்கே இருக்கட்டும். எத்தனை காலம் இருப்பேன் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, அது ஆண்டவர் கையில். ஆனால் மாத்திரையை அவள் கண்ணெதிரே விழுங்குவேன். இது சத்தியம்.

ஜெனியின் சித்தி,
உங்கள் இன்னொரு தங்கை,
அமலா