அத்தான் வரைந்த மீன்முள்

ஜூன் 8, ஞாயிறு

தெலுங்குச் சீமையில் லோத்குண்டா சமஸ்தானத்தின் தனிப்பெரும் சக்கரவர்த்தியும், இரண்டு நாற்காலிகளுக்கும் ஒரு கிரைண்டருக்கும் அதிபதியும், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதால் அந்த இலாகாவையே நிலைகுலைய வைத்தவனுமாகிய பெருமாள் என்னும் நான், காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அக்காவின் மூத்த பிள்ளை, கையில் பெட்டி.

"மாமா, கொஞ்ச நாள் இங்க இருக்கலாமா?"

இருபத்து மூன்று வருடம் யோகேஷ் என்று கூப்பிட்ட பிள்ளை. போன வாரம் பெற்றவர்களை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறது: தான் பெண், பெயர் ஹம்ஸினி, நினைவு தெரிந்த நாளாக உடம்பு ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகக் கிடந்து தவிப்பதாக. அக்கா அழுதிருக்கிறாள். அத்தான் அழவில்லை. "காரணம் என்னன்னு தெரியாம நான் ஒத்துக்க முடியாது" என்றாராம்.

29ஆம் தேதி இவள் தங்கை அஸ்வினிக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவையோடு தங்கை பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது இவள் ஆசை. "யோகேஷா வந்தா வா, இல்லன்னா வேண்டாம்" என்பது அத்தான் கட்டளை.

ஏழு தோசை சாப்பிட்டாள். துக்கத்திலும் நம் வம்சத்துப் பசி குறையாது.

ஜூன் 9

'அவன்' என்று நாக்கு இன்று பதினேழாயிரம் தடவை வழுக்கியது. ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். கடைசித் தடவை சிரிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

சமாதானத் தூதுவனாகக் அக்கா குடியிருக்கும் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்குப் படையெடுத்தேன். படை என்றால் நானும் ஒரு கிலோ மாம்பழமும்.

அத்தான் அருணாசலம் அங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அதிகாரி. எது பழுதானாலும் மூல காரணம் கண்டுபிடிக்காமல் கோப்பை மூட மாட்டார். சாப்பாட்டு மேசையில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு பென்சிலால் ஒரு மீனின் எலும்புக்கூடு வரைந்திருந்தார். தொழிற்சாலையில் இப்படித்தானாம் — மீன்தலையில் பழுதை எழுதி, முள்ளுக்கு முள் காரணங்களை எழுதுவது. மேல் முட்களில் 'பரம்பரை', 'கர்ப்பகால ஹார்மோன்', 'மூளை'. கீழ் முட்களில் 'வளர்ப்பு', 'சிநேகிதர்கள்', 'இன்டர்நெட்'. கீழ்வரிசையில் தனி முள்ளாக, அடிக்கோடிட்டு — 'பெருமாள்'.

நான் ஒரு முள்ளாகிவிட்டேன்.

"ஏல, ஒரு வயசுல அவனுக்குப் பாவாடை கட்டி, ஜடை வச்சு, பூ முடிச்சு போட்டோ எடுத்தது யாரு?"

"நான்தான் அத்தான். எல்லா வீட்டுலயும் எடுக்கதுதானே."

"அங்கதான் ஆரம்பிச்சிருக்கு."

அக்கா மங்களம் உள்ளே போய் ஓர் ஆல்பத்தோடு வந்தாள். அத்தானின் ஒரு வயதுப் படம். ராக்கொடி, தாழம்பூ, நெற்றிச்சுட்டி, கன்னத்தில் மை. சிரிப்பு வேறு.

"இவருக்கு என்ன ஆச்சு? மீசைதானே முளைச்சுது," என்றாள்.

அத்தான் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து என்னை அழித்தார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அழித்ததில்லை.

அடுத்து 'பரம்பரை'. யார் பரம்பரை என்று கேட்டு அக்காவும் அத்தானும் இரண்டாம் பானிபட்டைத் தொடங்கினார்கள். மாம்பழத்தை விட்டுவிட்டுப் பின்வாங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஹப்சிகுடாவில் மனநல மருத்துவர் நஸ்ரின். ஹம்ஸினி ஏற்கெனவே பார்த்துவருகிறவர். காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ள அத்தானும் வந்தார், மீனைச் சுருட்டிக்கொண்டு. மகளை நேராகப் பார்க்கவில்லை. நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். நானே இந்திய எல்லைக்கோடு.

டாக்டர் மீனைச் சிரிக்காமல் படித்தார். அதற்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம்.

"பரம்பரைக்குப் பங்கு இருக்கலாம்னு இரட்டைப் பிள்ளைகளை வச்சு செஞ்ச ஆய்வுகள் சொல்லுது சார். கர்ப்பகால ஹார்மோனையும் சந்தேகப்படுறாங்க. இதுதான் காரணம்னு யாராலயும் இன்னும் அடிச்சுச் சொல்ல முடியல. வளர்ப்புல தப்பு நடந்ததால வந்ததுன்னு சொல்ல ஆதாரம் இல்ல. ஆனா வேதனை கூடுறதும் குறையறதும் சுத்தி இருக்கறவங்க கையில நிறைய இருக்கு."

"அப்போ ஃபைல் ஓப்பன்," என்றார் அத்தான்.

"ஓப்பன்தான் சார்."

"மூல காரணம் தெரியாம என் சர்வீஸ்ல எதையும் நான் வெளிய அனுப்பினதில்ல."

ஹம்ஸினி எனக்குக் குறுக்கே கையை நீட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்பா, முள்ளெல்லாம் எழுதிட்டீங்க. தலைல ஒண்ணுமே எழுதலையே. பழுது என்னன்னு எழுதுங்க."

அத்தான் பேனாவைத் திறந்தார்.

எழுதவில்லை.

"எழுதுங்கப்பா. நான் பாக்கறேன்."

மூடிவிட்டார். தாளைச் சுருட்டினார். ரப்பர் பேண்டை நான்தான் போட்டுக்கொடுத்தேன்.

ஜூன் 20

அக்கா போன். அத்தான் மீனைப் பரணில் போட்டுவிட்டாராம். சாப்பாடு மட்டும் சரியாக இறங்கவில்லையாம்.

ஜூன் 26, வியாழன்

மாம்பழப் பாத்திரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அத்தான் நகரின் மறுகோடியிலிருந்து வந்தார். நான் பழம் கொண்டுபோனது பிளாஸ்டிக் பையில்.

ஹம்ஸினி கூடத்தில் புடவை கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். ஓடி ஒளியப் பார்த்தவளைக் கொசுவம் தடுக்கியது. அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தார். அவள் வீட்டை விட்டு வந்த பிறகு மகளை நேராகப் பார்த்தது இன்றுதான்.

"காது என்ன இப்படிச் சிவந்து வீங்கியிருக்கு?"

"கிளிப் கம்மல்ப்பா. ரொம்ப அழுத்துது."

அத்தான் ஒரு கம்மலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். திறந்தார், மூடினார், தன் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்த ஸ்பிரிங்தான் காரணம்," என்றார்.

முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஜூன் 28, சனி

நகைக்கடையில் காது குத்துகிறவர் யாருக்கு என்று தெலுங்கில் கேட்டார். அத்தானும் தெலுங்கிலேயே சொன்னார்: எங்கள் பெரிய பெண்ணுக்கு. நான் கடையின் கூரையை ஆராயப் போய்விட்டேன்.

ஹம்ஸினி ஸ்டூலில் உட்காரப் போனாள்.

"அங்க இல்ல. சின்னதுல குத்தாம விட்டாச்சு, இப்பவாவது தாய்மாமன் மடியில உக்காரு."

"நக்கோ, வேண்டாம்ப்பா, எண்பது கிலோ இருக்கேன். மாமா செத்துருவாங்க."

"சாகட்டும். முறைன்னா முறைதான்."

உட்கார்ந்தாள். கடையில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். இமயமலை தன் மடியில் இன்னோர் இமயமலையைத் தாங்குவதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஊசி இறங்கும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை; எதிரே நின்ற அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாகக் குத்தச் சொல்லிக் காது குத்துகிறவரை மிரட்டிக்கொண்டிருந்தார்.

நாளை நிச்சயதார்த்தம். எல்லாரும் போகிறோம். என் வலது தொடை மட்டும் வருமா என்று இன்னும் சொல்லவில்லை.