தேர்தல் ஆணையாளர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்

என் அன்பான, முன்கோபக்கார அப்பாவுக்கு,

உங்கள் யோசுவா பெரிய ஆளாகிவிட்டான். நடு ஆபிரிக்காவில் நீங்கள் கணக்குப் படிப்பித்த காலத்தில் முன்வாங்கில் இருந்தவன், நத்தாருக்கு நத்தார் உங்களுக்குப் பாலன் இயேசு படம் போட்ட வாழ்த்து அனுப்பியவன். இப்போது அந்த நாட்டின் தேர்தல் ஆணையாளர். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்காவிட்டால் கதிரையை விட்டு எழும்ப முடியாத ஜனாதிபதி மறுபடியும் வென்றுவிட்டார் என்று தொலைக்காட்சியில் அறிவித்தவன் அவன்தான்.

சில ஊர்களில் வாக்காளர்களை விட வாக்குகள் அதிகம், அப்பா. உங்கள் வகுப்பில் இப்படி ஒரு விடை எழுதியிருந்தால் கொப்பி யன்னலால் பறந்திருக்கும். அங்கே கைதட்டினார்கள். எதிர்த்துத் தெருவுக்கு வந்த பிள்ளைகளைச் சுட்டார்கள். அதற்கு அவன் வைத்த பெயர் "சிறு சலசலப்பு". எவ்வளவு நாகரிகமான வாய், பாருங்கள்.

பிறகு அந்தப் பெரிய மனிதரை ஒஸ்லோவுக்கு அழைத்தார்கள். எதற்கு? நேர்மையான தேர்தல் நடத்துவது எப்படி என்ற கருத்தரங்கில் பேச! கோப்பியும் வாஃபிளும் வைத்து யாரையும் கூப்பிடுகிற ஊர் இது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

வந்தவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். உங்கள் கல்லறையில் பூ வைக்க வேண்டுமாம். நான் மறுக்க வாயெடுத்தேன், அம்மா விடவில்லை.

"அப்பான்ர கையில படிச்ச பிள்ளை. முதல்ல வீட்டை வரட்டும், சாப்பாடு குடுப்பம்."

குரோருட்டில் எங்கள் மாடிக் கட்டடத்துக்கு முன்னால் கறுப்புக் கார் வந்து நின்றது. படம் பிடிக்கவும் ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தான். மீன்குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தன்னை மனிதனாக்கியது நீங்கள்தான் என்று சொல்லும்போது உண்மையாகவே கண் கலங்கினான். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

தண்ணீர் வார்த்தபடி அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உண்மையில் யார் வென்றது என்று கேட்டார். அது சிக்கலான விஷயம் என்றான்.

"கூட்டல்தானே?" என்றார் அம்மா.

அவன் கை கழுவ எழுந்து போனான்.

திரும்பி வந்து உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று, கைகூப்பி, படம் பிடிக்க வந்தவனுக்குக் கண்காட்டினான். "எனக்கு நேர்மையைக் கற்றுத் தந்த ஆசான்" என்று எழுதி முகப்புத்தகத்தில் போடுவானாம். பூ, கல்லறை, கண்ணீர் எல்லாம் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. சொந்த நாட்டில் ஒருவரும் நம்பாத கணக்குக்கு உங்கள் முகத்தைச் சாட்சி வைக்கப் பார்க்கிறான்.

அம்மா வந்து ஆணியிலிருந்து உங்களைக் கழற்றினார். முகம் தன் பக்கமாக, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டாச்சுத்தானே தம்பி. போம்."

'போயிட்டு வாரும்' என்றுகூடச் சொல்லவில்லை, அப்பா. எங்கள் வீட்டு வாசலில் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. தமிழ் தெரியாவிட்டாலும் அவனுக்கு விளங்கியது. காரில் வைத்திருந்த பூவை அப்படியே கொண்டு போய்விட்டான்.

நீங்கள் இருந்திருந்தால் அவனை அறைந்திருப்பீர்களா, அழுதிருப்பீர்களா? அந்த முன்வாங்குப் பிள்ளை எந்த வயதில் இப்படி ஆனான்?

நீங்கள் உறங்கும் இடத்தை அவனுக்கு நான் சொல்லவில்லை. இனி உங்கள் மாணவன் என்று யார் வந்தாலும், யார் வென்றது என்றுதான் முதலில் கேட்பேன். சரியான விடை சொல்பவனை மட்டும் உங்களிடம் கூட்டி வருவேன்.

அம்மாவின் பக்கத்தில் இருந்து இதை எழுதும்,
உங்கள் மூத்த மகள்